புதிய ஒட்டுண்ணிக் குளவிக்குப் பெயர் வைப்பது எப்படி? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலைகளில் பேசப் போகும்போதும், வெள்ளவத்தைச் சந்தையில் தெரிந்தவர்கள் "நீங்கள்தானே பூச்சி பார்க்கிறவர்" என்று மறித்துக் கேட்கும்போதும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. ஒட்டுண்ணிக் குளவிகளைப் பிரித்து, ஒப்பிட்டு, புதியவற்றை விபரித்து எழுதும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். தெருவோரத்தில் நின்று அரைகுறையாகச் சொன்ன பதில்களை ஆறுதலாக இங்கே எழுதிவைக்கிறேன்.

குசினிச் சுவரில் கறுப்பாக ஒரு பூச்சி நிற்கிறது. நீண்ட கால்கள், பின்பக்கம் சின்னக் கொடி போல மேலும் கீழும் ஆடுகிறது. அது என்ன?

கொழும்பில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அது ஈவேனியா அப்பெண்டிகாஸ்டர் என்ற குளவி. 1758 இல் லின்னேயஸ் பெயரிட்டது. கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு அலுமாரிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள்; செம்பழுப்பாக, அவரை விதை போல. பெண் குளவி அந்தக் கூட்டுக்குள் ஒரு முட்டை இடும். அதிலிருந்து வரும் குடம்பி உள்ளேயுள்ள கரப்பான் முட்டைகளை எல்லாம் தின்று வளர்ந்து, கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். மனிதரை ஒன்றும் செய்யாது. நுளம்பு மட்டையால் அடிக்காதீர்கள். அது நிற்கிற வீட்டில் கரப்பானும் இருக்கிறது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று பெரியவர்கள் சொல்வார்களே. அதுவும் இதுவும் ஒன்றா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அந்த வாக்கில் பாதி உண்மை இருக்கிறது.

வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் வேட்டுவன் குளவி, பச்சைப் புழுவைக் கொட்டி அசையாமல் ஆக்கிக் கூட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. வாயை மண்ணால் மூடுகிறது. சில வாரங்கள் கழித்து அந்தக் கூட்டிலிருந்து ஒரு குளவி வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. பார்த்தவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். கூட்டுக்குள் தாய்க்குளவி இட்டுவிட்டுப் போன முட்டைதான் கண்ணில் படவில்லை. அந்த முட்டையிலிருந்து வந்த குடம்பி புழுவைத் தின்றுதான் குளவியானது. குருவின் அருளால் சீடன் குருவாகவே மாறுவதற்குச் சொன்ன உவமை. அதன் அழகு குறையவில்லை. புழுவின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு.

ஒட்டுண்ணிக் குளவி கூடும் கட்டுவதில்லை, இரையைத் தூக்கிக்கொண்டும் போவதில்லை. விருந்து வழங்கும் பூச்சி எங்கே இருக்கிறதோ அங்கேயே போய், அதன் உடலுக்குள்ளோ மேலோ முட்டையிடுகிறது. சில இனங்கள் விருந்துவழங்கியை முடக்கிவிட்டு முட்டையிடும். அது அதற்குமேல் வளராது. வேறு சில, புழுவைத் தன்பாட்டில் தின்று வளர விட்டு, உள்ளிருந்து உயிர்நிலையான உறுப்புகளைத் தவிர்த்து மற்றவற்றை உண்டு, கடைசியில்தான் கொல்லும். பேனும் உண்ணியும் நம்மைக் கொல்லாமல் வாழ்கின்றன. இங்கே விருந்துவழங்கியின் சாவு ஏறக்குறைய நிச்சயம். உண்மையான ஒட்டுண்ணியிலிருந்து இவை வேறுபடுவது அந்த இடத்தில்தான்.

பிரகோனிட் குடும்பத்தின் ஒரு பெருங்கிளைக் குளவிகள் முட்டையோடு சேர்த்து வைரஸ் துணிக்கைகளையும் புழுவுக்குள் செலுத்துகின்றன. அவை புழுவின் நோயெதிர்ப்பை அடக்கி, முட்டையைக் காப்பாற்றும். அந்த வைரஸின் மரபணுக்கள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளாகக் குளவியின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே தங்கிவிட்டவை. 1860 இல் சார்ல்ஸ் டார்வின் நண்பர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுக்களின் உடலுக்குள் உண்டு வளர வேண்டும் என்றே கருணையுள்ள கடவுள் இந்தக் குளவிகளைப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று எழுதினார். அவருக்கு இந்த வைரஸ் விடயம் தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

கொட்டுமா?

பெரும்பாலானவை கொட்டாது. "குளவிக் கொட்டுக்கு இலக்காகிய தோட்டத் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்" என்று மலையகச் செய்திகளில் படிக்கிறோமே, அவை கூட்டமாகக் கூடு கட்டி, அந்தக் கூட்டைக் காக்க வருகிறவை. ஒட்டுண்ணிக் குளவி தனியாகத் திரிவது, காக்க அதற்குக் கூடும் இல்லை. இரவில் விளக்குக்கு வரும் மஞ்சள் கலந்த பழுப்பு நிற, நீண்டு வளைந்த வயிறுடைய சில இனங்களை விரலால் நசுக்கிப் பிடித்தால் குத்தக்கூடும். பிடிக்காமல் விட்டால் போதும்.

எத்தனை இனங்கள் இருக்கின்றன? இன்னும் புதியவை மிஞ்சியிருக்கின்றனவா?

இக்நியூமோனிட் குடும்பத்தில் மட்டும் 25,000க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. உலகத்துப் பறவையினங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் பாதிக்குக் கிட்டத்தான் வரும். பிரகோனிட் குடும்பத்தில் 20,000க்கு மேல். சால்சிட் கூட்டத்தில் அதற்கும் அதிகம். இத்தனை பெயர்களுக்குப் பிறகும், வெப்பவலயக் காடொன்றில் வலை விரித்தால் விழுகிறவற்றில் பெரும்பகுதிக்குப் பெயர் கிடைக்காது. ஏறத்தாழ ஒவ்வொரு பூச்சிக்கும் குறைந்தது ஓர் ஒட்டுண்ணிக் குளவியாவது இருப்பதால், வண்டுகளைவிட இந்தக் குளவிகள் அடங்கும் வருணம் என்ற பெரும்பிரிவிலேயே இனங்கள் அதிகமாக இருக்கலாம் என்று 2018 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது.

பெயரில்லாமல் மிஞ்சியிருப்பதற்கு உருவமும் ஒரு காரணம். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் கண்டெடுத்த டைகோபோமோர்ஃபா எக்மெப்டெரிகிஸ் என்ற குளவியின் ஆண் 0.139 மில்லிமீற்றர். வளர்ந்த பூச்சிகளில் அறியப்பட்ட மிகச் சிறியது அதுதான். ஒரு கடுகின் மேல் வரிசையாகப் பத்துப் பேர் நிற்கலாம்.

கொழும்புக்குள்ளேயே புதிய இனம் கிடைக்குமா? சிங்கராஜாவுக்குத்தான் போக வேண்டுமா?

சிங்கராஜா மழைக்காடு பெரிய புதையல்தான். ஆனால் கொழும்பு 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர் என்பதை மறக்கக் கூடாது. தலங்கமை, பெத்தகான, பெல்லன்வில-அத்திடிய எனச் சதுப்பு நிலங்கள் நகரத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. புல் தண்டைத் துளைக்கும் புழு, நீர்த்தாவரத்தில் தத்தித் திரியும் தத்துவெட்டி, சிலந்தி முட்டைப்பை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி உண்டு.

அரசமரத்தை எடுங்கள். கொழும்பில் சந்திக்குச் சந்தி நிற்கிறது. அதன் பழத்துக்குள் மகரந்தம் கொண்டு செல்லும் குளவி ஒன்று இருக்கிறது. அதை ஒட்டி வாழும் குளவிகள் இன்னும் பல. பழுக்கும் தறுவாயிலுள்ள சில பழங்களை மெல்லிய துணி கட்டிய போத்தலில் வைத்துப் பாருங்கள், ஒரே நாளில் போத்தலுக்குள் ஒரு சமூகமே திரியும். தூரத்துக் காட்டைவிட, கிழமைக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கக்கூடிய ஒரு வேலி அதிகம் கற்றுத்தரும் என்பது என் அனுபவம்.

எப்படிப் பிடிக்கிறீர்கள்?

மூன்று வழி. முதலாவது, கூடாரம் போன்ற மலேஸ் வலை. சுவீடன்காரரான ரெனே மலேஸ் 1934 இல் பர்மாவில் பூச்சி சேகரிக்கப் போனபோது இந்த எண்ணத்தைச் செய்துபார்த்தார். கூடாரத்துக்குள் வந்த பூச்சிகள் கீழே இறங்கி வெளியே போகாமல் மேல் மூலையிலேயே சேர்வதைக் கவனித்தவர், அந்த மூலையில் போத்தலைப் பொருத்தினார். இரண்டாவது, மஞ்சள் நிற பிளாஸ்டிக் தட்டு. தண்ணீர், நீரின் பரப்பிழுவையைக் குறைக்கப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, அவ்வளவுதான். மஞ்சளைக் கண்டால் சின்னக் குளவிகள் இறங்கும். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தட்டு பொங்கி வழிந்து எல்லாம் மண்ணோடு போய்விடும், ஆகவே மே மாதத்தில் நான் தட்டு வைப்பதில்லை.

மூன்றாவது வழி, வளர்த்தெடுப்பது. இதற்கு ஈடு எதுவும் இல்லை. புழுவை அது தின்னும் இலையோடு கொண்டுவந்து போத்தலில் வளர்த்து, உள்ளிருந்து குளவி வருகிறதா என்று காத்திருப்பது. வலையில் விழுந்த குளவிக்கு உருவம் மட்டும் உண்டு. வளர்த்தெடுத்த குளவிக்கு வாழ்க்கையும் உண்டு. எதைத் தின்றது, எத்தனை நாள் எடுத்தது, ஒரு புழுவிலிருந்து எத்தனை வந்தன என்பதெல்லாம் தெரியும்.

பிடித்தவை 95 சதவீத எதனோலில் போகும். உள்ளே துண்டுக் கடதாசியில் இடம், திகதி, சேகரித்தவர் பெயர். பென்சிலால் எழுத வேண்டும். ஆரம்பத்தில் ஒருமுறை நான் பேனையால் எழுதிவிட்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தபோது மை முழுவதும் கரைந்து, கடதாசி வெள்ளையாக இருந்தது. அதில் ஒரு குளவியை அதற்குப் பிறகு நான் எங்கும் கண்டதில்லை. எங்கே பிடித்தது என்று தெரியாத குளவியை வைத்துக்கொண்டு எதையும் எழுத முடியாது. அந்தக் குப்பி இன்னும் என் மேசையில் இருக்கிறது.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் வனப் பாதுகாப்புத் திணைக்களமும் பத்தரமுல்லையில்தான் இருக்கின்றன. எந்த நிலம் எதன் கீழ் வருகிறதோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். மாதிரிகளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் தனி அனுமதி தேவை. தபாலில் இரகசியமாக அனுப்பிய குளவியை வைத்து எவ்வளவு நல்ல கட்டுரை வந்தாலும் அதில் என் பெயர் இருக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒரு குளவி புதிய இனம்தான் என்று எப்படித் தெரியும்?

கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை. "இதற்கு முன் யாரும் பெயர் வைக்கவில்லை" என்று நிரூபிப்பதுதான் வருடக்கணக்கில் இழுக்கும்.

முதலில் குடும்பம், பிறகு சாதி (இந்தியப் பாடநூல்களில் பேரினம் என்பார்கள்). சிறகின் நரம்புகள் எங்கே சேர்கின்றன, உணர்கொம்பில் எத்தனை துண்டுகள், நெஞ்சின் பின்தட்டில் வரப்புகள் எப்படி ஓடுகின்றன, வயிற்றின் முதல் வளையம் அகலமா ஒடுக்கமா, முட்டையிடு குழல் எவ்வளவு நீளம். இவற்றைக் கேள்வி கேள்வியாகக் கேட்டுக்கொண்டு போகும் திறவுகோல் அட்டவணைகள் உண்டு. சாதி பிடிபட்ட பிறகு, அந்தச் சாதியில் இந்தப் பிராந்தியத்திலிருந்து பெயரிடப்பட்ட ஒவ்வோர் இனத்தோடும் ஒப்பிட வேண்டும்.

இங்கேதான் பழைய காலம் வந்து குறுக்கே நிற்கும். 1850களின் கடைசியிலிருந்து பிரான்சிஸ் வோக்கர் என்ற ஆங்கிலேயர் இலங்கைப் பூச்சிகளுக்கு வரிசையாகப் பெயர் வைத்தார். அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்த ஏர்னஸ்ட் கிறீன் சேகரித்துக் கொடுத்த குளவிகளை பீட்டர் கமரன் 1905 இல் கொழும்பு நூதனசாலையின் சஞ்சிகையான 'ஸ்பொலியா சைலனிக்கா'வில் விபரித்தார். அந்தக் காலத்து விபரணை பல சமயம் சில வரிதான். "கறுப்பு, கால்கள் சிவந்த மஞ்சள், சிறகு தெளிவானது." இந்த மூன்றுக்கும் பொருந்தும் குளவி என் பெட்டிகளில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது.

வரிகள் போதாதபோது வோக்கரும் கமரனும் கையில் வைத்திருந்த அதே குளவியைப் பார்க்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. இப்போது பலவற்றின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, பழைய சஞ்சிகைகளும் இலவசமாகப் படிக்கலாம். முன்பு ஒரு விமானச் சீட்டு வாங்கித் தீர்த்த சந்தேகத்தை இப்போது ஒரு மின்னஞ்சலில் தீர்க்க முடிகிறது. ஆனாலும் ஊசியில் குத்திவைத்த 150 வயதான குளவிக்கு ஓர் உணர்கொம்பு உடைந்திருக்கும், தலை ஒட்டுப்பசைக்குள் மூழ்கியிருக்கும், நமக்குத் தேவையான பக்கம் அட்டையோடு ஒட்டியிருக்கும்.

இலங்கையை மட்டும் பார்த்தாலும் போதாது. பாக்கு நீரிணை ஆழமில்லாதது. பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது இரு கரைக்கும் நிலத்தொடர்பு இருந்தது. கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ ஏற்கெனவே பெயர் பெற்ற குளவி இங்கே மறுபடி 'புதிதாக' வந்துவிடலாம். அப்படி இரண்டு பெயர் விழுந்தால் முந்தியதுதான் நிற்கும். பிந்தியது ஒத்தபெயர்ப் பட்டியலுக்குப் போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகு இன்னொரு பொறி இருக்கிறது. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் சில குடும்பங்களில் அண்ணன் தங்கை என்றுகூடச் சொல்ல முடியாதபடி வேறுபட்டிருக்கும். சின்னப் புழுவைத் தின்று வளர்ந்த குளவி சிறியதாகவும், பெரிய புழுவைத் தின்றது பெரியதாகவும் இருக்கும். ஆகவே ஒற்றைக் குளவியை வைத்துக்கொண்டு அவசரப்படுவதை நான் விரும்புவதில்லை. பத்துப் பதினைந்து கையில் இருந்தால்தான் எது இனத்தின் இயல்பு, எது அந்த ஒன்றின் இயல்பு என்று பிரித்துச் சொல்ல முடியும்.

டிஎன்ஏ பார்த்தால் உடனே தெரிந்துவிடாதா?

பெரிய உதவி, மறுக்கவில்லை. இழைமணியிலுள்ள சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்துள்ள ஒரு துண்டை வாசித்து ஒப்பிடுகிறோம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்த குளவிகள் நான்கு இனமாகப் பிரிந்ததும் உண்டு. ஆணையும் பெண்ணையும் சேர்த்துவைத்ததும் உண்டு.

2021 இல் கொஸ்தாரிக்காவின் பிரகோனிட் குளவிகளில் 403 புதிய இனங்களை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கு டிஎன்ஏ எழுத்துகளும் ஒரு புகைப்படமும்தான் விபரணை. துறைக்குள் பெரிய வாக்குவாதம் எழுந்தது. காடு அழியும் வேகத்துக்கு இதுதான் ஒரே வழி என்பது ஒரு பக்கம். உருவத்தை எழுதாவிட்டால் ஆய்வுகூட வசதியில்லாதவர் அந்தப் பெயரை என்ன செய்வார் என்பது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம். தலவாக்கலையில் கைவில்லையோடு நிற்கும் ஒரு தோட்ட உத்தியோகத்தர் கையிலுள்ள குளவியை அடையாளம் காண முடியாத விபரணை, அவரைப் பொறுத்தவரை எழுதப்படாத விபரணைதான். டிஎன்ஏயும் வேண்டும், உருவமும் வேண்டும்.

விபரணையில் என்ன எழுத வேண்டும்?

விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிக்கோவை ஒன்று இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 2000 ஜனவரி 1 முதல் அமுலில் உள்ள நான்காம் பதிப்பு. புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்ற இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பதைச் சொற்களில் எழுத வேண்டும். மூலமாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு நிரந்தரச் சாட்சியாக, ஒரு குளவியைக் குறிப்பிட்டு, அது எந்த நிறுவனத்தில் வைக்கப்பட்டிருக்கிறது அல்லது வைக்கப்படும் என்று எழுத வேண்டும். 2012 முதல் இணையத்தில் மட்டும் வெளியாகும் சஞ்சிகையும் செல்லும். ஆனால் ஸூபேங்க் என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும்.

நல்ல விபரணை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பாவனை மாதிரி: "பெண். உடல் நீளம் 2.4 மி.மீ. தலை, மேலிருந்து பார்க்க, நீளத்தைப் போல 1.9 மடங்கு அகலம். முகம் நெருக்கமாகப் புள்ளியிட்டது, புள்ளிகளுக்கு இடையில் பளபளப்பு. முதல் வயிற்றுத் தட்டு பின்னோக்கி ஒடுங்குகிறது." இப்படி நான்கு ஐந்து பக்கம் போகும். வாசிக்க வரண்டதுதான். அதில் "மிகவும்", "சற்றே" போன்ற சொற்களை வெட்டி எறிந்து, அளந்து எழுதப் பழகுவதற்கு எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. சற்றே நீளம் என்று நான் எழுதினால் நூறு வருடம் கழித்துப் படிப்பவருக்கு அது எவ்வளவு என்று தெரியாது. கமரனிடம் எனக்குள்ள குறையும் அதுதான்.

தமிழில் எழுதலாமா?

விதிப்படி எழுதலாம். தாவரங்களுக்கு 2011 வரை இலத்தீன் விபரணை கட்டாயமாக இருந்தது. விலங்குகளுக்கு எந்த மொழி என்ற கட்டாயம் இல்லை. பரவலாக வாசிக்கப்படும் மொழியில் வேறுபாட்டுக் குறிப்பு இருப்பது நல்லது என்று பரிந்துரை மட்டும் உண்டு. நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். தமிழில் ஒரு விரிவான சுருக்கமும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. உணர்கொம்பு, குடம்பி, கூட்டுப்புழு என்று பாடசாலையில் கற்ற சொற்கள் போதிய அளவு நம்மிடம் இருக்கின்றன.

பெயரை யார் தெரிவு செய்வது? தமிழ்ப் பெயர் வைக்க முடியுமா?

விபரித்து எழுதுகிறவர் தெரிவு செய்கிறார். பெயர் இரண்டு சொல். முதலாவது சாதி, அது பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பது. இரண்டாவதுதான் புதியது. எந்த மொழிச் சொல்லாகவும் இருக்கலாம். எழுத்து மட்டும் இலத்தீன் எழுத்தாக இருக்க வேண்டும். மேலே புள்ளி, கோடு போன்ற குறிகள் கூடாது. 'மழை' என்று ஒரு குளவிக்குப் பெயர் வைக்க விரும்பினால், ழகரத்தை எந்த எழுத்துகளால் எழுதுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அச்சில் வந்த பிறகு நினைத்தபடி மாற்ற முடியாது.

இலத்தீன் பெயரடையாக இருந்தால் சாதிப் பெயரின் பாலுக்கு ஏற்ப விகுதி மாறும்: சைலனிக்கஸ், சைலனிக்கா, சைலனிக்கம். தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. எந்தச் சாதிக்குப் போனாலும் மாறாது. நமது மொழிக்கு இது நல்ல வசதி, அதிகம் பேர் பயன்படுத்தவில்லை. ஒருவரைக் கௌரவிக்க வைத்தால் ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி. 2012 இல் தாய்லாந்துக் குளவி ஒன்றுக்கு அலெயோடெஸ் காகா என்று பாடகி லேடி காகாவின் பெயரும், 2014 இல் எக்குவடோர்க் குளவி ஒன்றுக்கு அலெயோடெஸ் ஷகீரே என்று ஷகீராவின் பெயரும் வைத்தார்கள். செய்தித்தாளில் வந்தது. எனக்கு இடத்தின் பெயரோ, விருந்துவழங்கியின் பெயரோ, உருவத்தைச் சொல்லும் பெயரோதான் பிடிக்கும். பெயரைக் கேட்டதும் குளவியைப் பற்றி ஒன்றாவது தெரிய வேண்டும்.

தன் பெயரையே வைத்துக்கொள்ள விதி தடை போடவில்லை. செய்வதில்லை.

மூலமாதிரி என்றால் என்ன?

ஹோலோடைப் என்பார்கள். இனத்தின் பெயர் என்றென்றைக்கும் கட்டப்பட்டிருக்கும் அந்த ஒரு குளவி. பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் கட்டுரையைவிட அந்தக் குளவியின் சாட்சிக்கே மதிப்பு அதிகம். இலங்கையில் கண்டெடுத்ததன் மூலமாதிரி இலங்கையில் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 1877 இல் திறந்த கொழும்பு நூதனசாலையும் அதன் அருகிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையும் நமக்கு இருக்கின்றன. கொழும்பின் ஈரப்பதனில் பூஞ்சணமும், காய்ந்த பூச்சியைத் தின்னும் வண்டும் ஓயாத எதிரிகள். பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கும் ஆள் வேண்டும். கட்டடம் மட்டும் போதாது.

எவ்வளவு காலம் எடுக்கும்?

சேகரிக்கப்பட்ட நாளிலிருந்து பெயர் வெளியாகும் நாள்வரை, எல்லா உயிர்களுக்கும் சேர்த்துச் சராசரி 21 வருடம் என்று 2012 இல் கணக்கிட்டார்கள். செலவு பலர் நினைப்பதைவிடக் குறைவு. நல்ல நுணுக்குக்காட்டிதான் பெரிய செலவு. துறையின் முக்கிய சஞ்சிகைகளில் பணம் கேட்காமல் வெளியிடுபவையும் உள்ளன.

இதனால் யாருக்கு என்ன பயன்?

2008 இல் மேல் மாகாணத்துப் பப்பாசி மரங்களில் மாவைத் தூவியதுபோல ஒரு பூச்சி படர்ந்ததை நினைவிருக்கிறதா? இலை சுருண்டு, காய் கறுத்து, மரமே பட்டுப்போனது. மருந்தடித்தும் அடங்கவில்லை, பூச்சியின் மேலுள்ள மெழுகு மருந்தைத் தள்ளியது. மெக்சிக்கோப் பக்கத்துப் பூச்சி அது. 1992 இல்தான் பெயர் பெற்றது. அதன் உடலுக்குள் முட்டையிடும் ஒரு குளவியை 2003 இல் நொய்ஸ், ஷாஃப் என்ற இருவர் புதிய இனமாக விபரித்து அசெரோஃபாகஸ் பப்பாயே என்று பெயரிட்டார்கள். 2009 இல் அந்தக் குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பப்பாசி திரும்ப வந்தது. இன்று உங்கள் வீட்டு முற்றத்துப் பப்பாசியில் அந்தப் பூச்சி கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் குளவியும் அங்கே இருக்கிறது. 2003 இல் யாரோ அளந்து, வரைந்து, பெயர் எழுதிவைத்திருக்காவிட்டால் 2009 இல் எதைக் கேட்டு வாங்கியிருப்போம்?

மலையகத்துக் கதை இன்னும் பழையது. தேயிலை இலைகளை ஒட்டிச் சுருட்டும் புழு தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தபோது, 1930களின் நடுவில் யாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற குளவியைக் கொண்டுவந்தார்கள். புழுவின் சாதி ஹோமோனா. குளவியின் பெயரிலேயே அது இருக்கிறது. புழு அடங்கியது. பிறகு தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். குளவி செத்தது, சுருட்டுப் புழு மறுபடி கிளம்பியது. கொழுந்து பறிக்கும் கைகளின் நாட்கூலி வரை போகும் விடயம் இது.

பிழையான அடையாளம் எவ்வளவு காலத்தை விழுங்கும் என்பதற்கு ஆபிரிக்காவின் மரவள்ளி சாட்சி. அங்கே பரவிய மாவுப்பூச்சியின் எதிரியைத் தேடித் தென்னமெரிக்காவின் வடக்கே போனார்கள். கிடைத்தது அதைப் போலவே தோன்றும் இன்னோர் இனம். அதன் குளவிகள் ஆபிரிக்கப் பூச்சியிடம் பலிக்கவில்லை. சரியான இனத்தை 1981 இல் பரகுவேயில் கண்டபிறகுதான் உதவும் குளவியும் கிடைத்தது.

என் மகளுக்கு இதில் ஆசை. எங்கே தொடங்குவது?

உங்கள் வீட்டுத் தேசிமரத்தில் அல்லது கறிவேப்பிலையில். பறவை எச்சம் போலத் தோன்றும் சின்னப் புழுவும், பிறகு பச்சையாகும் பெரிய புழுவும் வண்ணத்துப்பூச்சியுடையவை. இரண்டு மூன்றை இலையோடு எடுத்து, வலைத்துணி கட்டிய போத்தலில் வைத்து, தினமும் இலை மாற்றச் சொல்லுங்கள். சில நாளில் ஒரு புழு சாப்பிடாமல் நின்றுவிடும். அதன் பக்கத்தில் அரிசிமணி போல வெள்ளையாகக் குட்டிக் கூடுகள் தோன்றலாம். பலர் அதைப் புழுவின் முட்டை என்று நினைத்து அருவருத்து எறிந்துவிடுகிறார்கள். புழு முட்டையிடாது. அது குளவியின் கூடு. எறிய வேண்டாம். போத்தலில் திகதி, இடம், எந்த மரம் என்று பென்சிலால் எழுதி ஒட்டி, ஒரு கிழமை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.